தலைப்பு எழுதும் முன்னால் போன் கால் கேளுங்கள்

விளம்பர வரிகள் எழுதும் காப்பிரைட்டர் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எழுத்து மேல் உள்ள ஆசையில்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். சென்னையில், எண்களைப் பார்த்து விளம்பரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஜூனியராகச் சேர்ந்தேன். பேப்பரில் முழுப்பக்க விளம்பரம், டிவிக்குப் படம் எடுப்பது எல்லாம் அங்கே கிடையாது. கூகுள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், எஸ்எம்எஸ், அவ்வளவுதான். கிளையன்ட் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது, என்ன கொண்டுவந்தது என்று வாரா வாரம் ஷீட்டில் காட்ட வேண்டும். இப்போது சில ஜூனியர்கள் என்னிடம் வேலை கற்றுக்கொள்கிறார்கள். வந்த புதிதில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “எல்லாத்தையும் டேட்டாவே முடிவு பண்ணுதுன்னா எழுதுறவங்களுக்கு இங்க என்ன வேலை?”

நிறைய வேலை இருக்கிறது. போட்ட இரண்டு வரிகளில் எது ஜெயித்தது என்று டேட்டா சொல்லும். இரண்டையும் தோற்கடிக்கக்கூடிய மூன்றாவது வரி ஒன்று வெளியே இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அந்த மூன்றாவது வரியைத் தேடிக் கொண்டுவருவதற்குத்தான் நமக்குச் சம்பளம். அது பெரும்பாலும் நம் மண்டைக்குள் இருக்காது, வாங்குகிறவர் வாயில்தான் இருக்கும். இதை நான் வீட்டு மனை விற்கும் ஒரு கிளையன்டுக்கு வேலை செய்தபோது கற்றுக்கொண்டேன். அதனால் அந்த உதாரணத்தை வைத்தே பேசுகிறேன்.

சென்னையைச் சுற்றி மனை விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டு, ஒரகடம், திருப்போரூர், ஸ்ரீபெரும்புதூர் என்று ஊர் மாறுமே தவிர வரி மாறாது. ‘உங்கள் கனவு இல்லம் நனவாகட்டும்’, ‘பொன்னான முதலீடு’, ‘இயற்கையோடு வாழ்வோம்’. எனக்குக் கொடுத்த பழைய ஷீட்டிலும் அதே வரிகள்தான் வரிசையாக இருந்தன. எங்கள் டீம் லீட் அக்கா ஷீட்டைக் காட்டிவிட்டு, புது வரி எதுவும் இப்போதைக்கு எழுத வேண்டாம் என்றார். ஒரு ஃபோல்டரைத் திறந்து கொடுத்தார். விளம்பரத்தைப் பார்த்து நம்பர் கொடுத்தவர்களிடம் கிளையன்டின் டெலிகாலர்கள் பேசிய கால் ரெக்கார்டிங்குகள் அதில் இருந்தன. “மொதல்ல இதைக் கேளு. அவங்க கேக்குற கேள்வியை மட்டும் அப்படியே எழுதிக்கிட்டு வா, உன் வார்த்தையில மாத்தாதே” என்றார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்க அதே வேலை. எழுதிக்கொண்ட கேள்விகளில் சில: “பட்டா தனித்தனியா நம்ம பேருக்கு வருமா, இல்ல மொத்தமா ஓனர் பேர்லயே இருக்குமா?” “டிடிசிபி அப்ரூவல் லேஅவுட்டுக்கே இருக்கா, இல்ல அப்ளை பண்ணியிருக்கீங்களா?” (டிடிசிபி என்பது மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் நகர் ஊரமைப்பு இயக்ககம்.) “போர் போட்டா தண்ணி உப்பா இருக்குமா?” “கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்லருந்து எத்தனை கிலோமீட்டர்? நீங்க பாட்டுக்குப் பத்து நிமிஷம்னு சொல்லாதீங்க.” “பேங்க்ல லோன் தருவாங்களா?” “பக்கத்துல சுடுகாடு எதுவும் இருக்கா?” “மழைக்குத் தண்ணி நிக்குமா?” கனவு என்ற சொல்லை அத்தனை போன் கால்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இயற்கையைப் பற்றிக் கேட்டவரும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். போனில் பேசுகிறவர் இருபது வருடச் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டப் போகிறார். தெரிந்தவர் யாராவது ஒருவர் ஏமாந்த கதை அவர் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கும். அவருக்கு இருப்பது பயம். பயந்திருக்கும் ஆளிடம் போய்க் கனவு பேசினால் அவர் கையை எடுத்துக்கொள்வார். விளம்பரத்தின் முதல் வரியே அந்தப் பயத்துக்குப் பதில் சொன்னால் நின்று படிப்பார். அந்தக் கேள்விப் பட்டியலிலிருந்து நாங்கள் எடுத்த வரிகள் ரொம்பச் சாதாரணமானவை: ‘பட்டா உங்கள் பெயரில். வில்லங்கச் சான்று கையில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.’ இதில் எழுத்தழகு என்று ஒன்றும் இல்லை. ஆனால் கிளையன்ட் பக்கத்திலிருந்து வந்த முதல் சேதி, “இப்ப போன் பண்றவங்க பேப்பரை எடுத்து வைங்கன்னு சொல்லிட்டு நேரா சைட்டுக்கு வர்றாங்க” என்பது.

இந்த வரியை எழுத இன்னொரு வேலையும் செய்ய வேண்டியிருந்தது. தனிப் பட்டா உண்மையிலேயே கிடைக்குமா என்று கிளையன்டிடம் ஆவணத்தோடு கேட்டு வாங்கினோம். ஜூனியர்தானே, கொடுத்ததை எழுதுவோம் என்று விட்டுவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி (சுருக்கமாக ரெரா), பதிவு செய்ய வேண்டிய திட்டம் எதற்கும் பதிவு எண் வாங்காமல் விளம்பரமே போடக் கூடாது. போடும் விளம்பரத்தில் ரெரா பதிவு எண்ணும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் வலைத்தள முகவரியும் இருக்க வேண்டும். எழுத ஆரம்பிக்கும் முன் அந்த எண்ணைக் கேட்டு வாங்கி ஆணையத்தின் தளத்தில் சரிபார்ப்பது காப்பிரைட்டர் வேலையில் சேர்ந்ததுதான். மருந்து, படிப்பு, கடன் என்று எந்தத் துறைக்குப் போனாலும் இப்படி ஒரு விதி இருக்கும். அது என்ன என்று முதல் வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து எண்கள். சிடிஆர், சிபிஎல், கன்வெர்ஷன் ரேட் என்று முதல் வாரத்தில் காதில் விழும் எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். விளம்பரத்தைப் பார்த்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் தட்டினார்கள், நம்பர் கொடுக்கும் ஒருவருக்கு எவ்வளவு செலவாகிறது, கடைசியில் எத்தனை பேர் வாங்கினார்கள். இதற்கு மேல் கணிதம் அதிகம் கிடையாது. எந்த எண்ணில் நின்று தீர்ப்புச் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு விளம்பரங்கள், ஒவ்வொன்றுக்கும் ₹50,000 செலவு. முதலாவது ‘சைட் பார்க்க இலவச கார், வந்தாலே பரிசு’ என்கிறது. 250 பேர் நம்பர் கொடுக்கிறார்கள், ஆளுக்கு ₹200. இரண்டாவது பட்டாவைப் பற்றிப் பேசுகிறது. 125 பேர்தான் கொடுக்கிறார்கள், ஆளுக்கு ₹400. ஷீட்டில் இதோடு நிறுத்தினால் முதலாவது ஜெயித்துவிட்டது. ஷீட்டில் இன்னும் ஒரு நெடுவரிசை தள்ளிப் பாருங்கள். முதலாவதிலிருந்து மனை பார்க்க வந்தவர்கள் 5 பேர், இரண்டாவதிலிருந்து 10 பேர். வந்து பார்த்த ஒருவருக்கான செலவு முதலாவதில் ₹10,000, இரண்டாவதில் ₹5,000. இங்கே நான் போட்டிருப்பது கற்பனை எண்கள். ஆனால் இந்தத் தலைகீழ் மாற்றம் நடப்பதை வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இலவசம் என்ற சொல் கூட்டத்தைக் கொண்டுவரும், கூட்டம் வாங்காது.

ஃபேஸ்புக்கிலேயே நிரப்பும் லீட் ஃபார்ம் இதில் இன்னொரு சிக்கல். பெயரும் நம்பரும் ஏற்கெனவே அதில் நிரம்பியிருக்கும், கட்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்தது. டெலிகாலர் கூப்பிட்டால், “நான் எதுவும் ஃபில் பண்ணலையே” என்பார்கள். பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், அவர்களுக்கு உண்மையிலேயே நினைவிருக்காது. அனுப்பும் முன் விவரங்களை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லும் ஃபார்ம் வகையும் அங்கேயே இருக்கிறது. ‘எந்த மாதத்துக்குள் வாங்க நினைக்கிறீர்கள்?’ போல ஒரு கேள்வியை நாமே சேர்க்கவும் செய்யலாம். லீட், அதாவது நம்பர் கொடுப்பவர்களின் எண்ணிக்கை இறங்கும், டெலிகாலர் அக்காக்கள் நமக்கு நன்றி சொல்வார்கள். அந்தக் கேள்வியை எழுதுவதும் காப்பிரைட்டிங்தான். தலைப்புக்குக் கொடுக்கும் அக்கறையை அதற்கும் கொடுங்கள்.

இரண்டு வரிகளை ஓடவிட்டு எது ஜெயிக்கிறது என்று பார்க்கும் ஏ/பி டெஸ்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் ஜூனியர்களின் நேரம் அதிகமாக வீணாகிறது. ‘உடனே அழையுங்கள்’ நல்லதா, ‘இப்போதே அழையுங்கள்’ நல்லதா என்று டெஸ்ட் போடச் சொல்லி யாராவது கேட்பார்கள். பார்த்தவர்களில் 2 சதவீதம் பேர் தட்டும் விளம்பரம் ஒன்று இருக்கிறது, அது 2.4 ஆக உயர்ந்ததா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல வேண்டும் என்றால், வழக்கமாக வைக்கும் அளவுகோல்படி ஒவ்வொரு பக்கத்துக்கும் 21,000 பேர் அளவுக்குத் தேவைப்படுவார்கள். இது தட்டுவதற்கு மட்டும். நம்பர் கொடுப்பது அதைவிட அரிதாக நடப்பதால் அதற்கு இன்னும் எவ்வளவோ பேர் வேண்டும். ஒரு ஊரில் ஒரு லேஅவுட் விற்கும் கிளையன்டின் பட்ஜெட்டில் அவ்வளவு பேரைக் கொண்டுவருவது கஷ்டம். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் பார்க்கும் டெஸ்டில் வருவது பெரும்பாலும் தற்செயல்தான்.

அதனால் டெஸ்ட் போடுவதென்றால் பெரிய வித்தியாசத்தைப் போடுங்கள். ஒன்றில் பட்டா, இன்னொன்றில் தண்ணீர். ஒன்றில் விலை முதல் வரியிலேயே, இன்னொன்றில் மாதத் தவணை எவ்வளவு வரும் என்பது. எது ஜெயித்தாலும் வாங்குகிறவரைப் பற்றி உங்களுக்கு ஒன்று தெரிய வரும். ‘உடனே’ ஜெயித்தால் என்ன தெரிந்துகொண்டோம்? போடுவதற்கு முன், ‘இது ஜெயிக்கும் என்று நினைக்கிறேன், காரணம் இது’ என்று ஒரு வரி எழுதி வைப்பதும் முக்கியம். ரிசல்ட் வந்த பிறகு காரணம் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் எளிது. முன்கூட்டியே எழுதி வைத்த காரணம்தான் உங்களைத் திருத்தும். என் டெஸ்ட் ஷீட்டில் இன்றைக்கும் அந்தக் காரணத்துக்கான நெடுவரிசைக்குத்தான் பெரிய அகலம்.

இன்னொன்று. ஃபேஸ்புக்கில் ஒரே ஆட் செட்டில் (ஒன்றாக ஓடும் விளம்பரங்களின் தொகுப்பில்) இரண்டு விளம்பரங்களைப் போட்டுவிட்டு அதை டெஸ்ட் என்று சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் எது கொஞ்சம் நன்றாக ஓடுகிறதோ அதன் பக்கமே சிஸ்டம் பணத்தைத் தள்ளிவிடும், மற்றதைப் பாதிப் பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சமமாகப் பிரிக்க வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள டெஸ்ட் வசதியில்தான் போட வேண்டும். இரண்டாம் நாளே எட்டிப் பார்த்துவிட்டு ஜெயித்ததை அறிவிப்பதையும் விட்டுவிட வேண்டும். குறைந்தது ஒரு முழு வாரமாவது ஓடட்டும். ஞாயிற்றுக்கிழமை மனை பார்க்கக் கிளம்பும் குடும்பமும் செவ்வாய்க்கிழமை ஆபீஸில் போனை நோண்டுகிறவரும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

நம் ஊர் நாட்காட்டியும் ஷீட்டுக்குள் வந்து உட்காரும். ஆடி மாதத்தில் மனை விளம்பரத்தின் எண்கள் படுத்துவிடும். “ஆவணி பொறக்கட்டும், பாக்கலாம்” என்று ரெக்கார்டிங்கில் தெளிவாகக் கேட்கும். அதே மாதம் துணிக்கடைகளில் ஆடித் தள்ளுபடிக்கு நிற்க இடம் இருக்காது. மார்கழியில் தள்ளிப்போடுகிறவர்கள் தை பிறந்ததும் வருவார்கள். முகூர்த்த நாள்களில் பதிவுத் துறையே சார்பதிவாளர் அலுவலகங்களில் கூடுதல் டோக்கன் கொடுக்கிறது என்றால் பாருங்கள். ஆடியில் ஒரு வரியும் ஆவணியில் ஒரு வரியும் போட்டுவிட்டு, ஆவணி வரி அற்புதம் என்று யாராவது ஸ்லைடு காட்டினால் நம்ப வேண்டாம். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடியிருக்க வேண்டும். வேறு ஊரிலிருந்து வந்த மேனேஜருக்கு இது தெரியாமல் இருக்கலாம். எடுத்துச் சொல்வது தமிழ் எழுதும் ஜூனியரின் பொறுப்பு. கூச்சப்பட வேண்டியதில்லை, கூட்டத்தில் உங்களிடம் மட்டும் இருக்கும் தகவல் அது.

எழுத்து எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். யாரும் சொல்லித் தராத ஒன்று இது. கூகுள் தேடல் விளம்பரத்தில் ஒரு தலைப்புக்கு 30 எழுத்து, விளக்க வரிக்கு 90. 15 தலைப்புகள், 4 விளக்க வரிகள் வரை கொடுக்கலாம். எதை எதோடு சேர்த்துக் காட்டுவது என்று கூகுளே முடிவு செய்யும். அதனால் ஒவ்வொரு தலைப்பும் தனியாக நின்றாலும் பொருள் தர வேண்டும், எதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் இடிக்கக் கூடாது. முதல் தலைப்பில் கேள்வி, இரண்டாவதில் பதில் என்று எழுதினால் கேள்வி இல்லாமல் பதில் மட்டும் வந்து நிற்கும். பதினைந்தையும் எழுதிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்றைப் பொறுக்கி வரிசையாகப் படித்துப் பாருங்கள். நாலைந்து முறை செய்தால் எது தடுக்குகிறது என்று தெரிந்துவிடும்.

எஸ்எம்எஸ்ஸில் தமிழ் எழுதுவது இன்னும் கறாரான வேலை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழில் 70தான். 70ஐத் தாண்டினால் அது இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும், அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67. இதிலும் நாம் எண்ணும் எழுத்து வேறு, மெஷின் எண்ணும் எழுத்து வேறு. ‘வீட்டு மனை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கண்ணுக்கு ஐந்து எழுத்தும் ஒரு இடைவெளியும். மெஷினோ புள்ளியையும் கொம்பையும் சுழியையும் தனித்தனியாக எண்ணும். ‘வீ’ இரண்டு, ‘ட்’ இரண்டு, ‘டு’ இரண்டு, இடைவெளி ஒன்று, ‘ம’ ஒன்று, ‘னை’ இரண்டு. மொத்தம் பத்து. லட்சம் பேருக்கு அனுப்பும்போது ஒரே ஒரு எழுத்து கூடினாலும் செலவு இரட்டிப்பாகும். கடைசி நிமிடத்தில் வரியைச் சுருக்கக் கற்றுக்கொண்டது இந்த 70க்குள் அடைத்து அடைத்துத்தான். ஆங்கில எஸ்எம்எஸ்ஸிலும் ஒரு கண்ணி உண்டு: ₹ குறியோ, வேர்ட் ஃபைலிலிருந்து ஒட்டும்போது கூடவே வரும் வளைந்த மேற்கோள் குறியோ ஒன்று நுழைந்தால் போதும், முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

நினைத்த நேரத்தில் நினைத்ததை அனுப்பவும் முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு செய்தியின் டெம்ப்ளேட்டையும், இதற்கென்றே உள்ள டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்பே பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். பெயர், தேதி போன்ற மாறும் இடங்களை மட்டும் காலியாக விடலாம். செய்தியில் லிங்க் இருந்தால் அதையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. விளம்பரச் செய்திகளைக் காலை 10 மணியிலிருந்து இரவு 9 மணி வரைதான் அனுப்பலாம். தீபாவளிக்கு முந்தின நாள் உட்கார்ந்து அழகான வரி ஒன்று எழுதி, இதை அனுப்புங்கள் என்றால் முடியாது. பண்டிகைக்கு எழுத வேண்டியதைப் பல வாரங்களுக்கு முன்பே எழுதி, மாற்று வரிகளையும் சேர்த்துப் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மனை வாங்குகிறவர்களில் துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மின்னஞ்சல் போகும். அவர்கள் கேட்கும் கேள்விகளே வேறு: “நான் வராம, தம்பிக்குப் பவர் குடுத்து ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?” வெளிநாட்டு நம்பர்களிலிருந்து வந்த போன் கால்களில் இதுதான் திரும்பத் திரும்ப வந்தது, அதனால் மின்னஞ்சலின் தலைப்பு வரியும் அதுவே ஆனது. ஒரு எச்சரிக்கை. மின்னஞ்சலை எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை வைத்து வரியை எடை போடாதீர்கள். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதிக்குப் பிறகு, ஆள் திறக்காமலே திறந்ததாகப் பதிவாகும். பதில் எழுதினார்களா, லிங்க்கைத் தட்டினார்களா என்று பாருங்கள்.

அழுத்தம் வரும் இடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாதக் கடைசியில் எண்கள் தளர்ந்தால், ‘இன்னும் 3 மனைகள் மட்டுமே’ என்று போடச் சொல்லிக் கேட்பார்கள். அப்படி ஒரு வரி போட்டால் எண் ஏறும், அதில் சந்தேகமில்லை. டேட்டா அதை நல்ல வரி என்றுதான் சொல்லும். எங்களிடமும் கேட்டார்கள். டீம் லீட் அக்கா மறுத்துப் பேசவே இல்லை, “சரி சார், இன்னிக்குத் தேதிக்கு உள்ள ஸ்டாக் ஷீட்டை மெயில்ல அனுப்புங்க, அதுல உள்ளபடி போட்டுடறோம்” என்றார். ஷீட் வரவில்லை, அந்த வரியும் போகவில்லை. சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாங்குகிறவரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்தன. இல்லாத அவசரத்தை உண்டாக்குவது அதில் ஒன்று. புதிதாகச் சேர்ந்தவர் “இது தப்பு” என்று கிளையன்டிடம் சொல்வது கடினம். “ஆதாரம் அனுப்புங்கள், போடுகிறேன்” என்று யாரும் சொல்லலாம். நான் இன்றுவரை அதையே பயன்படுத்துகிறேன். ஷீட்டில் வரிகளின் பக்கத்தில் ஆதாரம் என்று ஒரு நெடுவரிசை வைத்துக்கொண்டு, அது காலியாக இருக்கும் வரி வெளியே போகாது என்று டீமில் பேசி வைத்துக்கொள்ளலாம்.

எழுதிய வரி தோற்கும்போது வருத்தமாகத்தான் இருக்கும். மூன்று நாள் செதுக்கிய வரி கீழே கிடக்கும், ஐந்து நிமிடத்தில் எழுதியது மேலே ஏறி நிற்கும். வாரக் கூட்டத்தில் அதைப் பெரிய திரையில் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு அதில் பழக்கம் வரக் காரணம், எங்கள் டீமில் யாரும் வரியோடு ஆள் பெயரைச் சேர்த்துப் பேசியதில்லை. ‘பட்டா வரி’, ‘தவணை வரி’ என்றுதான் பேசுவார்கள். நீங்கள் ஜூனியர்களை நடத்தும் இடத்துக்கு வந்தால் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். தன் வரி தோற்றதற்காக வெட்கப்பட வைக்கப்படுகிறவர் அடுத்த முறை பாதுகாப்பான வரியைத்தான் எழுதுவார், அந்த டெஸ்டில் யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

ஏஐ வந்த பிறகு ஜூனியர் வேலையே போய்விடுமா என்று கேட்கிறார்கள். பதினைந்து தலைப்புகளை அது நொடியில் தரும் என்பது உண்மை. தமிழில் கேட்டால் இன்னமும் ‘கனவு இல்லம்’ ரகத்தில்தான் பெரும்பாலும் தருகிறது, காரணம் அப்படிப்பட்ட வரிகள்தான் எங்கும் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. கால் ரெக்கார்டிங்கில் கேட்ட கேள்விகளைக் கொடுத்துவிட்டு எழுதச் சொன்னால் சற்றுத் தேறும். கேள்விகளைக் கொண்டுவந்து போடும் ஆளாக நீங்கள் இருந்தால் உங்கள் இடம் பத்திரமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். எழுதிக் குவிக்கும் ஆளாக மட்டும் இருந்தால் எனக்கும் கவலைதான்.

ரெக்கார்டிங் கிடைக்காத இடங்களும் உண்டு. வாடிக்கையாளர் விவரங்களை வெளியே தர மாட்டோம் என்பார்கள், அது நியாயமும்கூட. அப்போது டெலிகாலர்களோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். அவர்களுக்குத் தெரியாத வாடிக்கையாளர் சந்தேகம் எதுவும் இல்லை, அவர்களிடம் யாரும் கேட்பதும் இல்லை. எங்கள் கிளையன்டின் டெலிகாலர் அக்கா ஒருவர், “பொம்பளைங்க பேசுனா தண்ணி, ஸ்கூல், ராத்திரி வெளிச்சம் இருக்குமான்னு கேப்பாங்க. ஆம்பளைங்க சதுர அடி என்ன விலைன்னு ஆரம்பிப்பாங்க. ஆனா சைட்டுக்கு வந்தப்புறம் முடிவு பண்றது அந்த அம்மாதான்” என்றார். எந்த டாஷ்போர்டிலும் இது இல்லை. தெருவிளக்கு எரியும் லேஅவுட்டை மாலை வெளிச்சம் மங்கிய பிறகு படம் எடுத்து விளம்பரத்தில் போட்டோம். அந்த யோசனை முழுக்க அவருடையது. கூகுள் விளம்பரக் கணக்கில், மக்கள் என்ன தட்டித் தேடி வந்தார்கள் என்ற பட்டியலும் கிடைக்கும். போட்டி நிறுவனங்களின் கூகுள் மேப் பக்கத்தில் ஒரு ஸ்டார், இரண்டு ஸ்டார் கொடுத்துத் திட்டியிருப்பவர்களின் வரிகளும் இருக்கின்றன. காசு செலவில்லாத கேள்விப் பட்டியல்கள் இவை.

இந்த வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்கு: கவிதைத் தொகுப்பைக் கொண்டுபோவதைவிட, உங்கள் ஊரில் தெரிந்த ஒரு கடையை எடுத்துக்கொண்டு, அதன் வாடிக்கையாளர்கள் பத்துப் பேரிடம் பேசி, அவர்கள் கேட்ட கேள்விகளை ஒரு பக்கமும் அதிலிருந்து எழுதிய வரிகளை மறுபக்கமும் வைத்து இரண்டு தாள் கொண்டுபோங்கள். எக்செல்லில் எண்களைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள் போடத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டு நாளில் வந்துவிடும். அப்புறம், கடைசியில் “உங்களுக்கு ஏதாவது கேட்க இருக்கா?” என்பார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். எழுதுகிறவர்கள் வாடிக்கையாளர் போன் கால்களைக் கேட்க முடியுமா? நம்பர் வாங்கிய பிறகு என்ன ஆனது, எத்தனை பேர் கடைசியில் வாங்கினார்கள் என்ற எண் எழுதுகிறவர் கைக்கு வருமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் சேருங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால், அங்கே மாதத்துக்கு எத்தனை தலைப்பு எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து யோசித்து முடிவெடுங்கள்.